ஸ்மார்ட் சிட்டி பணத்தில் நம் தெருச் சாக்கடையைச் சரிசெய்ய முடியுமா?

கேள்வி: நகர மேம்பாட்டுக்கு என்று கோடிக்கணக்கில் நிதி வருகிறது. அதிலிருந்து எங்கள் தெருச் சாக்கடை, விளக்கு, பூங்கா மாதிரி வேலைகளை வாங்க முடியுமா? யாரைப் போய்க் கேட்பது?

முடியும். ஆனால் "ஃபண்டு ஒதுக்குங்க" என்று பொதுவாகக் கேட்டால் ஒருநாளும் கிடைக்காது. இன்ன வேலை, இன்ன இடம், இந்தத் தலைப்பில் செய்யலாம் என்று நாமே கண்டுபிடித்துக் கொண்டுபோய் வைத்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. நான் கொங்குப் பக்கம் ஒரு மாநகராட்சியில், பிற்பாடு சேர்க்கப்பட்ட பகுதியில் குடியிருக்கிறேன். குடியிருப்போர் சங்க வேலைகளில் பல வருஷமாக அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்மார்ட் சிட்டி. 2015 ஜூனில் மத்திய அரசு ஆரம்பித்த திட்டம், நாடு முழுக்க 100 நகரங்கள். நம் பக்கத்தில் கோவை 2016 ஜனவரியில் வந்த முதல் 20 ஊர்ப் பட்டியலிலேயே இருந்தது. அதே வருஷம் சேலம், 2017ல் திருப்பூர், 2018ல் ஈரோடு என்று வரிசையாகச் சேர்ந்தன. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, மாநில அரசு அதற்குச் சமமாக 500 கோடி என்பதுதான் கணக்கு. இவ்வளவு பணம் வந்தும் நம் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று எல்லோருக்கும் கோபம். காரணம் திட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. பெரும்பங்குப் பணம், முன்கூட்டியே எல்லை வரைந்து வைத்த ஒரு பகுதிக்குள்தான் செலவாக வேண்டும். நகரம் முழுமைக்கும் என்று வைத்திருந்த மற்றொரு பகுதி பெரும்பாலும் தொழில்நுட்ப வேலைகளுக்கு. அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பவர் எத்தனை மனு எழுதினாலும் கவுன்சிலர் எத்தனை முறை மன்றத்தில் கத்தினாலும் பணம் கோட்டைத் தாண்டாது. 2011ல் குறிச்சி, குனியமுத்தூர், வடவள்ளி, வீரகேரளம், சரவணம்பட்டி, காளப்பட்டி எல்லாம் சேர்ந்து கோவை மாநகராட்சி 100 வார்டு ஆயிற்று. ஆனால் ஸ்மார்ட் சிட்டி என்றதும் நினைவுக்கு வருவது உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோடு. சேலத்தில் ஈரடுக்கு பஸ் ஸ்டாண்ட், ஈரோட்டில் கனி மார்க்கெட் ஜவுளி வளாகம், திருப்பூரில் பழைய பஸ் ஸ்டாண்ட். எல்லாம் ஊரின் நடுவில்.

இவையெல்லாம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சாயங்காலம் பெரியகுளத்துக் கரைக்குப் போய்ப் பாருங்கள், காசு கொடுத்துப் பொழுதுபோக்க வழியில்லாத எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கின்றன. அது பெரிய விஷயம்தான். ஆனால் கரையில் கல் பதித்து விளக்கு போட்ட அளவுக்குக் குளத்துக்குள் வந்து சேரும் சாக்கடைத் தண்ணீரைத் தடுக்கும் வேலையும் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குளத்துக்குச் சாக்கடை எங்கிருந்து வருகிறது? பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களிலிருந்துதான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தெருக்களில் போடும் பணமும் குளத்துக்குப் போட்ட பணம்தான். அப்புறம், முத்தண்ணன் குளக்கரையிலும் மற்ற கரைகளிலும் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, கோவைப்புதூர் என்று ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் அவர்கள் இன்னும் ஊருக்குள்தான் வர வேண்டியிருக்கிறது. ஒரு மேம்பாட்டுத் திட்டத்தின் செலவைக் கணக்கிடும்போது அந்த பஸ் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சரி, அந்தத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இனிமேல் அதைக் கேட்டுப் பயனில்லை. இப்போது உங்கள் தெருவுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

மாநகராட்சியின் பொது நிதி என்பது நாம் கட்டும் சொத்து வரி, காலியிட வரி, தொழில் வரி எல்லாம் போய்ச் சேரும் இடம். சம்பளம், குப்பை, மின்கட்டணம் போக மிச்சம் இருந்தால்தான் வேலை. சின்னச் சின்ன வேலைகள், கல்வெர்ட் என்கிற சிறுபாலம், உடைந்த சிலாப் மாதிரியானவை இதில் நடக்கும். மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பெரிய பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப்போடப்பட்டது. 15வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கான மானியத்தில் பெரும்பாலான நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 60 சதவீதம் அப்படி வைத்தது. இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மனுவின் மொழியே மாறிவிடும். "தெருவைச் சரிசெய்யுங்கள்" என்று எழுதினால் அது ரோடு கணக்கில் போய் வரிசையில் நிற்கும், "கழிவுநீர் தேங்கிக் குடிநீர்க் குழாயில் கலக்கிறது" என்பது உண்மையாகவே உங்கள் தெருவின் நிலைமை என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள், அதற்குத் தனிக் கதவு இருக்கிறது. இது தவிர மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் 2021ல் 1,000 கோடி ரூபாய் அறிவிப்போடு வந்தது. எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. எம்.எல்.ஏ. நிதி ரேஷன் கடை, பள்ளி வகுப்பறை, நிழற்குடை மாதிரி தனியாக நிற்கும் கட்டடங்களுக்கு ஏற்றது, ஒரு நீளச் சாக்கடைக்கு அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், இதில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு வீதியில் மழை வந்தால் சாக்கடை பொங்கி வீட்டு வாசலுக்கு வரும். எல்லோரும் கேட்டது "சாக்கடையைப் பெருசாக் கட்டிக் குடுங்க". ஒவ்வொரு முறையும் பதில் ஒன்றுதான், நிதி இல்லை. எங்கள் வீதியிலேயே இருக்கும் கொத்தனார் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூப் லெவல் எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி மாதிரி தெரியும் நீள பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் பிடித்து மட்டம் பார்ப்பார்களே, அதுதான். மேல் வீட்டுக்கு எதிரில் ஒரு முனை, கீழே பள்ளத்தில் போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் சிறுபாலத்தில் மறுமுனை. பார்த்தால், சிறுபாலத்தின் அடித்தளம் சாக்கடையின் அடியைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. ரோடு போடும்போதெல்லாம் பாலத்தையும் மேலே மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். "இதுக்கு வாட்டமே இல்லீங்க, நீங்க எத்தன அகலமாக் கட்டுனாலும் தண்ணி திரும்பித்தான் வரும்" என்றார். வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. அப்புறம் நாங்கள் கேட்டது முழுச் சாக்கடையை இல்லை. அந்தச் சிறுபாலத்தை இடித்து வாட்டத்துக்கு இறக்கிக் கட்டுவதையும் அங்கிருந்து மேலே கொஞ்ச தூரம் அடியைச் சரிசெய்வதையும் மட்டும்தான். ஏ.இ., அதாவது மாநகராட்சி உதவிப் பொறியாளர், வந்து பார்த்து, "இதுன்னா பொது நிதியிலயே எஸ்டிமேட் போடலாமுங்ண்ணா" என்றார். பெரிய தொகைக்கு மேலே மேலே அனுமதி வேண்டும், சின்னத் தொகை மண்டல அளவிலேயே நகரும். முன்பு கேட்டது பெரிய வேலை, தீர்வு சின்ன வேலை, அந்த வித்தியாசம் யாரும் மட்டம் பார்க்காததால் அத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று.

அதனால் மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு கொத்தனாரையோ ஓய்வுபெற்ற ஓவர்சியரையோ கூட்டிக்கொண்டு வீதியை நடந்து அளந்துவிடுங்கள். நீளம், அகலம், தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே போய்ச் சேர வேண்டும், மழை நாளில் எடுத்த போட்டோ. இது கையில் இருந்தால் ஏ.இ.க்குப் பாதி வேலை மிச்சம், அவர்கள் மேல் ஏற்கெனவே பல வார்டு சுமை இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம், வரிசை. பாதாளச் சாக்கடையோ புதுக் குடிநீர்க் குழாயோ வரப்போகிற வீதிக்கு அவசரப்பட்டு ரோடு கேட்காதீர்கள். அடுத்த மாதமே தோண்டுவார்கள். குழாய் போடும் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே தோண்டிய ரோட்டைச் சரிசெய்யும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால் மண்ணை மூடிவிட்டுப் போவதோடு வேலை முடிந்தது என்று விடக்கூடாது, மாநகராட்சி கையெழுத்துப் போட்டு வேலையை வாங்கிக்கொள்ளும் முன் அந்த ரோடு வந்தாக வேண்டும். ரோடு போடும்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். பல இடங்களில் அப்படியே மேலே ஊற்றிவிடுகிறார்கள், வீடு பள்ளத்துக்குள் போய்விடுகிறது. இயந்திரம் வரும் நாளில் வீதியில் ஒருவர் நின்று கேட்டாலே போதும்.

பூங்கா விஷயத்துக்கு வருகிறேன். லேஅவுட் போடும்போது பொது உபயோகத்துக்கு என்று விட்ட ரிசர்வ் சைட் உங்கள் பகுதியில் நிச்சயம் ஒன்றாவது இருக்கும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரோடு போக மீதியில் 10 சதவீதம் விட்டே ஆக வேண்டும். அந்த இடம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். லேஅவுட் அனுமதி வரைபட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம், மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த வரைபடம் இல்லாமல் பூங்கா கேட்பது வீண். இடம் மாநகராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா என்பதுதான் பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி. அது ஆகாத இடத்தில் எந்த நிதியையும் செலவு செய்ய முடியாது, வேலி கட்டி மாட்டுத் தொழுவம் போட்டவருக்குத்தான் அது சாதகம்.

இடம் தெளிவாக இருந்தால் நமக்கு நாமே திட்டம் நல்ல வழி. 2021ல் நகரங்களுக்கு மறுபடி கொண்டுவந்தார்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு, மீதி அரசு. எங்கள் பகுதி ரிசர்வ் சைட்டுக்கு வேலியும் நடைபாதையும் இப்படித்தான் வந்தன. பனியன் யூனிட் வைத்திருப்பவர் ஒருவர் பெரிய பங்கு கொடுத்தார், வாடகைக்கு இருப்பவர்கள்கூட முடிந்ததைக் கொடுத்தார்கள். இருந்தாலும் இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு போட முடிந்த வீதிக்கு அரசின் மூன்றில் இரண்டு பங்கு போகிறது, போட முடியாத வீதிக்கு எதுவும் போவதில்லை. அதனால் பூங்கா, படிப்பகம், கேமரா மாதிரி வேலைக்கு இதைப் பயன்படுத்துங்கள், சாக்கடைக்கும் குடிநீருக்கும் மக்களிடம் பணம் திரட்டாதீர்கள். அதற்கு நாம் ஏற்கெனவே வரி கட்டிவிட்டோம், அரை வருஷம் தவறினால் வட்டியும் சேர்த்து.

எங்கே கேட்பது என்றால், கவுன்சிலரிடம் போவது சரிதான், ஆனால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். வார்டு கமிட்டியும், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கும் பகுதி சபையும் இப்போது சட்டத்தில் இருக்கின்றன. பகுதி சபைகள் முதல் முறையாக 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. பல வார்டுகளில் இது நடப்பதே மக்களுக்குத் தெரிவதில்லை, கட்சிக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு வீதிக்கு இரண்டு பேர் போய் உட்கார்ந்தாலே கூட்டத்தின் தன்மை மாறும். கோரிக்கையைப் பதிவேட்டில் எழுத வைத்து நகல் கேளுங்கள். மார்ச்சில் மாநகராட்சி பட்ஜெட் வருவதற்குள், முடிந்தால் பொங்கலுக்கு முன்பே, இந்த வேலை நடந்திருக்க வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு கேட்பவருக்கு அடுத்த வருஷம்தான். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனு சுற்றிச் சுற்றி அதே ஏ.இ. மேஜைக்குத்தான் வரும் என்று சலித்துக்கொள்வார்கள், ஆனால் எண் போட்டு வருவதால் பதில் எழுதியே ஆக வேண்டும், அதனால் அதையும் கொடுங்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. மேம்பாட்டு நிதி கட்டிக் கொடுக்கும், அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றாது. நல்ல பணத்தில் போட்ட உடற்பயிற்சிக் கருவிகள் துருப்பிடித்து நிற்பதும், பூங்கா மோட்டார் எரிந்து செடியெல்லாம் காய்வதும் நம் ஊர்களில் எல்லோரும் பார்ப்பதுதான். வேலை ஆரம்பிக்கும் முன்பே மின் இணைப்பு யார் பெயரில், பில் யார் கட்டுவது, கேட் சாவி யாரிடம், ஒப்பந்தக்காரர் எத்தனை காலம் பழுது பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்கள் பூங்காவில் மின் இணைப்பு மாநகராட்சி பெயரில், சாவி சங்கத்திடம், காலை 5 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்குப் பூட்டும் பொறுப்பு எதிர் வீட்டு அம்மாவிடம். சங்கத்தின் மாதச் சந்தாவிலிருந்து அவருக்கு ஒரு தொகை கொடுக்கிறோம்.