கடன் வாங்கி இசை ஆசிரியர் ஆகலாமா?

கேள்வி: எனக்கு வயது 19. பத்து வருடமாக வயலின் கற்கிறேன், அவ்வப்போது பக்கவாத்தியமும் வாசிக்கிறேன். இசை ஆசிரியராக ஆசை, ஆனால் கச்சேரியை விட மனமில்லை. 4 லட்சம் கல்விக் கடன் வாங்கி, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.ஏ. இசை சேரலாமா? கையில் 1,40,000 ரூபாய் இருக்கிறது. அதில் நல்ல வயலின் வாங்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பட்டம் கட்டாயம் வாங்குங்கள். கேந்திரிய வித்யாலயாவில் இசை ஆசிரியராக, இசையில் இளங்கலைப் பட்டம் கேட்கிறார்கள். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். ஆனால் அந்த இடங்கள் குறைவு. 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். பிறகு உயர்த்தினார்கள் என்றாலும், அந்த மாதிரி வேலையில் தொடங்குகிறவருக்குக் கடன் பெரிய சுமை. 4 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 8,500 ரூபாய். படிக்கிற காலத்து வட்டியும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

தவணை கட்டுவதற்காகவே டியூஷன் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே போவீர்கள். காலையும் மாலையும் வகுப்பிலேயே போய்விடும், உங்கள் சாதகம், அதாவது தினசரிப் பயிற்சி, நின்றுபோகும். நான் கவலைப்படுவது இதற்காகத்தான். உங்களுக்குள் இருக்கும் கலைஞரைக் கடனுக்குப் பலி கொடுக்காதீர்கள்.

பக்கத்தில் திருவையாற்றிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம், விடுதிச் செலவு இல்லை. முதலில் அங்கே விசாரியுங்கள். கூடவே, மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம் தருகிறார்கள். குருவிடம் ஐந்து வருடமாவது கற்றிருக்க வேண்டும், அது உங்களுக்கு இருக்கிறது. கல்லூரியில் படித்துக்கொண்டே வாங்கலாமா என்பதை மட்டும் அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிடுங்கள்.

கையில் உள்ள பணத்தில் 60,000 ரூபாயை வங்கி வைப்பில் போட்டு, அவசரத்துக்கு மட்டும் எடுங்கள். மீதி, படிப்புச் செலவுக்கும் குருவின் பாடத்துக்கும். எந்தச் செலவைக் குறைத்தாலும் குருவுக்குக் கொடுப்பதைக் குறைக்க வேண்டாம். பாட்டுக் கச்சேரி என்றால் வயலின் வேண்டும், அந்த விதத்தில் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த வருமானம் மார்கழியிலும் திருவிழாக் காலத்திலும் மொத்தமாக வரும், மற்ற மாதங்களில் வராமலும் போகும். அதை வீட்டுச் செலவில் கணக்கிடாமல் தனிக் கணக்கில் சேருங்கள். வயலின் தந்தி, போக்குவரத்து எல்லாம் அதிலிருந்தே போகட்டும்.

புது வயலின் இப்போது வேண்டாம். இருப்பதையே நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, குதிரையையும் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) பிருடையையும் (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளை) சரிசெய்து வாசியுங்கள். கச்சேரிக் கணக்கில் பணம் சேர்ந்ததும், குருவையும் கடைக்கு அழைத்துப்போய் வாங்கலாம்.