ஐந்து நாள் பள்ளத்தூர், இரண்டு மெமரி கார்டு, லேப்டாப் கிடையாது

கேள்வி: சித்திரையில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், ஊரில் ஐந்து நாள் இருப்போம். விசேஷம் போக கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி என்று சுற்றிப் படம் எடுக்க ஆசை. என்னிடம் 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா, ஒரே கார்டு ஸ்லாட், இரண்டு 64 ஜிபி கார்டு. சித்தப்பா மகனும் அதே கம்பெனி கேமரா கொண்டு வருகிறான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைய மனசில்லை. தினமும் ராத்திரி கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டு கார்டைக் காலி செய்துகொண்டால் போதுமா?

போதாது. ஏற்றுவதைவிட அந்தக் "காலி செய்துகொண்டால்"தான் எனக்கு உறுத்துகிறது. கார்டு தானாகக் கெட்டுப்போய் வருகிறவர்களைவிட, எல்லாம் காப்பி ஆகிவிட்டது என்று நம்பி தூக்கக் கலக்கத்தில் ஃபார்மட் கொடுத்துவிட்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால் முதல் வேலை, ஊரில் இருக்கும் வரை எந்தக் கார்டையும் அழிப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அழிக்கவே வேண்டியதில்லை என்கிற அளவுக்கு கார்டு வாங்கிக்கொண்டு போங்கள், மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் கேமராவில் ரா ஃபைல் (கேமரா பதிவு செய்தபடியே தருகிற மூலப் படம்) ஒன்று ஏறத்தாழ 25-லிருந்து 30 எம்பி, கூடவே நல்ல தரத்தில் ஜேபெக்கும் வைத்தால் ஒரு படத்துக்கு 40 எம்பி என்று வைத்துக்கொள்ளலாம். செட்டிநாட்டு வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு, முற்றத்தில் வெயில் கொட்டும், சுற்றியுள்ள வளவும் அதற்கு முன்னால் முகப்பும் மங்கலாகவே இருக்கும், ஒரே எக்ஸ்போஷரில் தேக்குத் தூணும் வானமும் சேர்ந்து கிடைக்காது. ஆக ஒவ்வொரு கோணத்துக்கும் மூன்று படம் வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்து அப்புறம் சேர்ப்பீர்கள். இருநூறு கோணம் என்றால் அறுநூறு படம், அதாவது நாளொன்றுக்கு 24 ஜிபி. ஐந்து நாளுக்கு 120 ஜிபி. உங்களிடம் இருப்பது இரண்டு 64, கேமராவில் போட்டால் அதிலும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். விளிம்பு வரை வந்துவிட்டது, இன்னும் வீடியோ கணக்கிலேயே வரவில்லை. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி, என்ற அளவில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும். தாலி கட்டுகிற நேரத்தையும், ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி ஓடு செய்கிறார்களே அதையும் வீடியோ எடுக்காமல் வரமாட்டீர்கள். இன்னும் இரண்டு 128 ஜிபி கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே 512 ஜிபி கார்டாக வாங்கிவிடலாமே என்று கடையில் சொல்வார்கள், வேண்டாம். மொத்தக் கல்யாணத்தையும் ஒரே கார்டில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கார்டில் வி30 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், நொடிக்குக் குறைந்தது 30 எம்பி தொடர்ந்து எழுதும் என்பதற்கான குறி அது, மேலே சொன்ன 4கே வீடியோவுக்குத் தாராளமாகப் போதும். போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன, 128 என்று காட்டும், உள்ளே 16 கூட இருக்காது, நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் எங்கோ போய்விடும். புதுக் கார்டு வந்ததும் கிளம்புவதற்கு முன் வீட்டுக் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டி முழுக் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள். மெதுவாகத்தான் ஓடும், ஓட விட்டுவிட்டுப் பெட்டி கட்டலாம்.

இப்போது கூகுள் விஷயம். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, ஜிமெயிலும் டிரைவும் சேர்ந்து. அளவில்லாமல் ஏற்றலாம் என்றிருந்த காலம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. காசு கட்டி இடம் வாங்கினாலும் இன்னொன்று இருக்கிறது: ஏற்றும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் சீராகக் கிடைத்தால்கூட 24 ஜிபி போய்ச்சேர ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் 2 ஜிபி டேட்டா பிளானில் அது பன்னிரண்டு நாள் வேலை. அந்த வீடுகளின் சுவர் கனத்துக்கு உள்கட்டில் உட்கார்ந்தால் சிக்னல் ஒரு கோடு நின்றாலே பெரிது. ஆகவே கூகுளை முழு பேக்கப்பாக நினைக்காதீர்கள். தாலி கட்டியது, குடும்பமாக நின்ற படம், பெரியவர்களை உட்காரவைத்து எடுத்தது என்று அன்றன்றைக்கு இருபது முப்பது ஜேபெக் மட்டும் பொறுக்கி ஏற்றுங்கள், செட்டிங்கில் 'அசல் தரம்' இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. மற்றது எல்லாம் போனாலும் அது மிஞ்சும்.

முழு இரண்டாவது பிரதிக்கு, விரல் நீளத்துக்கு வருகிற கையடக்க எஸ்எஸ்டி (உள்ளே சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) ஒன்று, 500 ஜிபி போதும். பழைய மாதிரி சுழலும் ஹார்டு டிஸ்க் வேண்டாம், கீழே விழுந்தால் தாங்காது, பல போன்களில் அதைச் சுழற்றுகிற அளவு மின்சாரமும் வராது. எஸ்எஸ்டி, கார்டு ரீடர் இரண்டையும் ஒரே நேரத்தில் போனில் செருக டைப்-சி ஹப் ஒன்று வேண்டும், சார்ஜரும் செருக இடம் உள்ளதாக. உங்களுடையது டைப்-சி உள்ள ஆண்ட்ராய்டோ, ஐபோன் 15-ஓ அதற்குப் பிறகு வந்ததோ, வேலை ஒன்றுதான்: ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து கார்டில் டிசிஐஎம் என்ற ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து எஸ்எஸ்டியில் ஒட்டுவது. 'மூவ்' கொடுத்துவிடாதீர்கள், 'காப்பி'. எஸ்எஸ்டி எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும், என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தால் சில போன்கள் படிக்கவே செய்யாது, படித்தாலும் எழுத மறுக்கலாம். இது எல்லாவற்றையும் சென்னையிலேயே ஒருமுறை கோத்துப் பார்த்துவிடுங்கள், ஊரில் போய் ஹப் சரியில்லை என்று தெரிந்தால் பந்தல் வேலைக்கு நடுவில் யாரைக் காரைக்குடிக்கு அனுப்புவீர்கள்?

நேரம் எவ்வளவு ஆகும் என்பது போனைப் பொறுத்தது. டைப்-சி வாய் இருந்தாலும் உள்ளே யுஎஸ்பி 2.0-தான் இருக்கும் போன்கள் ஏராளம், அதில் நொடிக்கு 30 எம்பி என்று வைத்தால் 24 ஜிபிக்குப் பதின்மூன்று, பதினான்கு நிமிடம். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும்முன் ஆரம்பித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், திரை அணைந்ததும் சில போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று காப்பியைப் பாதியில் நிறுத்திவிடும், சத்தமே போடாது. திரை அணைகிற நேரத்தை நீட்டி வைத்து, சார்ஜரைச் செருகி, பக்கத்திலேயே இருங்கள். பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட் எங்கோ ஒரு மூலையில்தான் இருக்கும், நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் சரிபார்ப்பது. இரண்டு பக்கத்திலும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அப்புறம் எஸ்எஸ்டியிலிருந்து முதல் படம், நடுவில் ஒன்று, கடைசி வீடியோ, இந்த மூன்றையும் திறந்து பாருங்கள். சின்னப் படம் தெரிகிறது என்பதை நம்ப வேண்டாம், பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பாதியில் அறுந்த ஃபைலுக்கும் சின்னப் படம் தெரியும், திறந்தால்தான் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக நிற்கும்.

தம்பியின் கேமரா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருவருடையதும் ஒரே கம்பெனி என்பதால் ஃபைல் பெயர்களும் ஒரே மாதிரி நான்கு இலக்க எண்ணோடு வரும், 9999 தாண்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஒரே ஃபோல்டரில் இருவருடையதையும் கொட்டினால் போன் 'ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி எழுதவா?' என்று கேட்கும், அசதியில் யாராவது 'ஆமாம்' தட்டிவிட்டால் ஒருவர் எடுத்தது போச்சு. நாளுக்கொரு ஃபோல்டர், அதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர், அதற்குள் கார்டு எண். கார்டு மேல் மார்க்கர் பேனாவால் 1, 2, 3, 4 என்று எழுதிவிடுங்கள். இரண்டு கேமராவிலும் கடிகாரத்தை முதல் நாளே ஒன்றாக வைத்துவிட்டால் பிறகு எல்லாப் படத்தையும் நேர வரிசையில் அடுக்குவது சுலபம்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு கணக்கு உண்டு, அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ சொல்லிப் பரவியது. ஊருக்குப் போன இடத்தில் அதை முழுசாகக் கடைப்பிடிப்பது சிரமம், ஆனால் 'வேறு இடத்தில்' என்கிற கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். எஸ்எஸ்டியையும் நிரம்பிய கார்டுகளையும் ஒரே கேமரா பையில் வைத்தால் பை போனால் இரண்டும் போகும். நீங்கள் பல்லவன் ரயிலில் திரும்புகிறீர்கள், தம்பி காரில் வருகிறான் என்றால் எஸ்எஸ்டி அவனோடு வரட்டும், கார்டுகள் உங்கள் சட்டைப்பையில்.

நிரம்பிய கார்டை வெளியே எடுத்ததும் பக்கவாட்டில் இருக்கிற சின்னப் பூட்டை இறக்கிவிடுங்கள், தவறிக் கேமராவில் போட்டாலும் படம் எடுக்காது, அழிக்கவும் விடாது. உறவினர் யாராவது பென் டிரைவில் போட்டுத் தரச்சொல்லி டவுனில் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கார்டை எடுத்துக்கொண்டு போனாலும் இந்தப் பூட்டு உதவும், அங்கிருக்கும் வைரஸ் கார்டில் ஏறுவது பெரும்பாலும் தடைப்படும். கேமராவில் கார்டு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

இத்தனைக்கும் பிறகு யாராவது அழித்துவிட்டால்? அந்த நொடியே அந்தக் கார்டில் எடுப்பதை நிறுத்தி வெளியே எடுத்து வையுங்கள். சாதாரண ஃபார்மட் படங்களின் அட்டவணையைத்தான் அழிக்கிறது, படங்கள் அதன்மேல் புதிதாக எழுதும்வரை உள்ளேதான் கிடக்கும். சென்னை வந்ததும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் பெரும்பாலான ஸ்டில் படங்கள் திரும்பிவிடும், வீடியோ அவ்வளவு சுலபமாக வராது. மீட்டெடுப்பதை அதே கார்டில் சேமிக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று என்று ஏற்றி, திறந்தும் பார்த்த பிறகு கார்டுகளைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யலாம். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மட்டும் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருக்கிவிடும், அப்பத்தா பிரேம் போடக் கேட்கும்போது பிரிண்ட் கடைக்காரர் நம்மைத்தான் திட்டுவார்.