கூலிங் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும்? ஆர்சி படகு கேள்வி பதில்

பெங்களூரில் ரேடியோ கன்ட்ரோல் (ஆர்சி) படகு கட்டி ஓட்டும் நம் தமிழ் நண்பர்கள் தண்ணீர்க் குழாய் பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கு என் பதில்களும் இவை. படகின் அடியில் நுழையும் தண்ணீரை உள்ளே கொண்டுபோய், மோட்டாரையும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரையும் குளிர்வித்து வெளியே விடும் குழாய்தான் இது. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அல்சூரிலிருந்து: அண்ணா, என்னுடையது 65 செ.மீ. ஃபைபர் படகு, பிரஷ்லெஸ் மோட்டார். தண்ணீர் முதலில் மோட்டாருக்குப் போக வேண்டுமா, ஸ்பீடு கன்ட்ரோலருக்கா?

கன்ட்ரோலருக்கு முதலில், அப்புறம் மோட்டாருக்கு. கன்ட்ரோலருக்குள் இருக்கும் மாஸ்ஃபெட், கெபாசிட்டர் போன்ற மின்னணுப் பாகங்கள் எல்லாம் மோட்டார் அளவுக்குச் சூடு தாங்காது. பொதுவாகச் சொல்லப்படும் பதில் இதுதான், தவறில்லை.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் ஓடுகிறது, இரண்டும் சேர்ந்து 100 வாட் சூட்டைத் தண்ணீரில் இறக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வெளியே வரும் தண்ணீர் உள்ளே போனதைவிடச் சுமார் 3 டிகிரிதான் கூடியிருக்கும். அந்த 3 டிகிரிக்குப் பயந்து, வரிசை மாறக்கூடாது என்று குழாயை மூக்குவரை கொண்டுபோய்த் திருப்பி வருகிறார்கள் பாருங்கள், அது வீண் வேலை. அதே குழாய் பாதி அடைத்து நிமிடத்துக்கு 50 மில்லிதான் ஓடினால் கணக்கு 30 டிகிரிக்குப் போய்விடும். வரிசையைவிட ஓட்டம்தான் முக்கியம். குழாய் நீளம், திருப்பம், நிப்பிளின் (டியூபைச் செருகும் சின்ன முனை) குறுகிய துளை எல்லாமே ஓட்டத்தைத் தின்பவை. அடியில் தண்ணீர் நுழைய இரண்டு வாய் வைக்க இடமிருந்தால் கன்ட்ரோலருக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று தனித்தனியாகவே விடுங்கள். பிறகு வரிசைக் கேள்வியே எழாது.

காக்ஸ் டவுன்: மூடியைப் போட்டதும் டியூப் மடிந்துவிடுகிறது. என்ன செய்வது?

மூடி அழுத்துகிறது என்றால் வழியே தப்பு. குழாயைப் பேட்டரிக்கு மேலே தாண்டவிடாமல் பக்கச் சுவரை ஒட்டிக் கொண்டுபோங்கள். வளைவின் ஆரம் டியூபின் வெளி விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்காவது இருக்கட்டும். அதற்கும் இடமில்லாத மூலையில் வளைத்த செம்புக் குழாய்த் துண்டை நடுவில் செருகிவிடலாம். வளைக்கும்போது உள்ளே மணலைக் கெட்டித்துக்கொண்டால் குழாய் நசுங்காது. டியூபின்மேல் ஸ்பிரிங் சுற்றுவதும் நல்ல வழிதான்.

கேபிள் டையை இறுக்கி இழுக்காதீர்கள். டியூபை நெரிப்பது பாதி நேரம் அதுவாகத்தான் இருக்கும்! இன்னொன்று, சுழலும் ஷாஃப்டுக்கும், அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்குக்கும் பக்கத்தில் டியூப் தொங்கக் கூடாது. கப்ளிங்கில் உள்ள திருகு ஒரு தடவை உரசினால் போதும், டியூப் கிழிந்து படகுக்குள் தண்ணீர் நிரம்பும்.

ஜாலஹள்ளி: சார், நான் கட்டுவது மெதுவாகப் போகும் டக் படகு (கப்பலை இழுக்கும் இழுவைப் படகின் மாடல்). அடியில் பித்தளைக் குழாய் வைத்தும் தண்ணீர் ஏறவே இல்லை.

ஏறாது. படகு ஓடும் வேகம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது, அந்தத் தள்ளு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. ஓடும் ரேஸ் படகில் ஏட்டுக் கணக்குப்படி தண்ணீர் 5 மீட்டர் உயரம் ஏறும். உங்கள் டக் விநாடிக்கு 1 மீட்டர் போனால் வெறும் 5 சென்டிமீட்டர். உள்ளே நிப்பிளும், மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறையான ஜாக்கெட்டும் அதைவிட மேலே இருந்தால் கதை முடிந்தது.

குழாயின் வாயை ப்ரொப்பெல்லருக்கு நேர் பின்னால், அது தள்ளும் நீரோட்டத்தில், ப்ரொப்பெல்லரைப் பார்த்தபடி வையுங்கள். படகு நின்ற இடத்தில் நின்றாலும் ப்ரொப்பெல்லர் முன்னோக்கிச் சுற்றினால் தண்ணீர் வரும். ஜாக்கெட்டில் தண்ணீர் கீழ் நிப்பிளில் நுழைந்து மேல் நிப்பிளில் வெளியேறட்டும். இல்லையென்றால் காற்று மேலே சிக்கிக்கொள்ளும், குறைந்த அழுத்தத்தில் அது தானாக வெளியேறாது. உண்மையில், சின்ன மோட்டார் போட்ட டக்குக்கு வாட்டர் கூலிங் தேவையா என்பதையே முதலில் பாருங்கள். பலவற்றுக்குத் தேவையில்லை.

விவேக் நகர்: அடியில் துளை போட்டுக் குழாயைப் பொருத்தினேன், ஓரத்தில் கசிகிறது.

உட்பக்கம் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தீர்களா? வழவழப்பான ஃபைபரிலும் பித்தளையிலும் எபாக்ஸி பசை பிடிக்காது. குழாயின் வெளிப்புறத்தையும் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அதன் பிறகு அரால்டைட் எபாக்ஸி வையுங்கள். சீக்கிரம் இறுகும் ரகம் வேண்டாம், மெதுவாக இறுகுவதே நல்லது. மரப் படகு என்றால் துளையின் உள்விளிம்பையும் எபாக்ஸியால் பூசி மூடுங்கள், இல்லாவிட்டால் மரம் தண்ணீர் குடித்து ஊதும்.

ஸ்ரீராமபுரம்: மீன் தொட்டி டியூப் போதுமா?

சிலிகான் என்றால் போதும். பச்சை நிற பிவிசி வேண்டாம், சூட்டில் இளகி நிப்பிளைவிட்டுக் கழன்றுவிடும். மீன் தொட்டி டியூபின் உள் விட்டம் 4 மி.மீ. உங்கள் நிப்பிளும் வெளியே 4 மி.மீ. என்றால் பிடி போதாது. 3 மி.மீ. டியூபை விரித்து ஏற்றுங்கள். எஸ்.பி. ரோட்டில் மீட்டர் கணக்கில் தேடலாம். அளவான நிப்பிள் கிடைக்காவிட்டால் பீன்யா பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃப்ரேசர் டவுன்: அவுட்ரன்னர் மோட்டாருக்கு ஜாக்கெட் போடலாமா?

கூடாது. அதில் சுழல்வதே வெளிக்கூடுதான். உள்ளே தண்ணீர் ஓடும் மவுன்ட் (மோட்டாரைப் பிடிக்கும் தாங்கி) கிடைக்கிறது, அதில் பொருத்துங்கள்.

அதே நண்பர்: வெளியேறும் துளை எங்கே இருக்க வேண்டும்?

நீர்மட்டத்துக்கு மேலே, பக்கச் சுவரில், கரையில் நிற்கும் உங்கள் கண்ணுக்குப் படும்படி. அடியில் ஒளித்து வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் நின்றது மோட்டார் புகைந்த பிறகுதான் தெரியும்.

ஹெப்பாள்: ஏரியில் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது.

நம் ஊர் ஏரிகளில் ஆகாயத்தாமரை வேரும் பாசியும் சகஜம். பீச்சல் மெலிந்தால் உடனே படகைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கரையில் ஒரு சிரிஞ்ச் இருக்கட்டும். வெளித்துளை வழியாகத் தண்ணீரை எதிர்த்திசையில் அடித்தால் சிக்கிய தும்பு வந்த வழியே வெளியேறும். முன்னாலிருந்து ஊதினால் இன்னும் உள்ளே போய் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ளும்.

பானஸ்வாடி: தண்ணீர் நன்றாகப் பீச்சுகிறது. ஆனாலும் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை.

அப்படியானால் குற்றம் குழாயில் இல்லை, ப்ரொப்பெல்லரைப் பாருங்கள். அதே சுழற்சி வேகத்தில் விட்டம் 10 சதவீதம் கூடினால் மோட்டார் பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்சக்தி சுமார் 60 சதவீதம் கூடும். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும், பிறகு குளிரவைத்துப் பயனில்லை. ஒரு அளவு சின்ன ப்ரொப்பெல்லரைப் போட்டு வாட் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். ஷாஃப்ட் நேராக இருக்கிறதா, கிரீஸ் இருக்கிறதா என்பதையும் கையால் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

கம்மனஹள்ளி: லீவில் புதுச்சேரி போகிறோம், கடலோரக் கழிமுகத்தில் ஓட்டலாமா?

ஓட்டலாம். கரைக்கு வந்த கையோடு நல்ல தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்துக் குழாய் முழுக்கப் பலமுறை அடியுங்கள். அலுமினிய ஜாக்கெட்டும் பித்தளை நிப்பிளும் சேர்ந்த இடத்தில் உப்புத் தண்ணீர் தங்கினால் அலுமினியத்தை அரித்துவிடும். ஊர் திரும்பியதும் ஜாக்கெட்டைக் கழற்றி, தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பாருங்கள்.