கொற்கையைக் கடல் கொண்டதா?

அன்புள்ள ஐயா,

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். என் பாட்டனார் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். கொற்கையை ஒரே இரவில் கடல் விழுங்கிவிட்டது என்று சொல்வார். யூடியூபிலும் அப்படியே சொல்கிறார்கள். உண்மையா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பாட்டனார் மேல் குற்றமில்லை. மணிமேகலை சொல்லும் பூம்புகாரின் முடிவு கொற்கைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரிய ஊர் என்றால் ஒரே இரவில்தான் அழிய வேண்டும் என்று நமக்கு ஓர் ஆசை. விரற்கடை விரற்கடையாக ஏறும் சேற்றை வைத்து யார் காவியம் பாடுவார்கள்?

ஆனால் கொற்கையை முடித்தது சேறுதான். தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்த பாண்டியரின் துறைமுகம் அது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று அங்கே முத்துக்குளிப்பு நடந்ததையும், தண்டனை பெற்ற கைதிகளை அதில் இறக்கியதையும் சொல்கிறது. நம் பாட்டுகளில் முத்தின் ஒளி இருக்கிறது; மூழ்கும் பரதவரும் உண்டு. ஆனால் மூச்சடக்கிய கைதியைக் கவனித்துச் சொல்பவன் இந்தக் கிரேக்கன்! 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது சங்குகளும், தமிழின் பழைய எழுத்தான தமிழி பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன.

ஊருக்குச் சோறு போட்ட அதே ஆறு வண்டலையும் கொண்டுவந்து கழிமுகத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. கரை வளர்ந்தது, கடல் விலகியது. இன்று கொற்கை கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூர். நாணயச் சாலையைக் குறிக்கும் ‘அக்காசாலை’ என்ற பெயர் மட்டும் அங்குள்ள கோயில் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வணிகர்கள் ஊரோடு சேர்ந்து புதையவில்லை. தண்ணீர் போன பக்கம் போனார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தபோது அரபுக் குதிரைகள் காயல் என்ற துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. பிறகு காயலுக்கும் அதே கதி; இன்று அதன் பெயரே பழையகாயல். போர்த்துக்கேயர் காலத்தில் புன்னைக்காயல் எழுந்தது. 1586இல் அங்கே தமிழ்ப் புத்தகமே அச்சானது. அதன்பின் தூத்துக்குடி. அங்கிருந்து கப்பலேறிக் கொழும்புக்கு வந்த உங்கள் பாட்டனாரையும் நான் இந்த வரிசையில்தான் சேர்ப்பேன்.

வைகாசி மழை அடித்து ஓய்ந்ததும் முகத்துவாரத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து முச்சக்கர வண்டியில் சிறிது நேரம்தான். களனி கங்கை கடலுக்குள் வெகுதூரம் காவி நிறத்தைக் கரைத்து விட்டிருக்கும்.