நாலு வருஷம் கழிச்சு வேலைக்குப் போற மகளும் டெக்ஸ் பேப்பர் பயமும்

அம்மா, நீங்க எழுதினத முழுசா வாசிச்சன். மகள் 2021ல கொழும்பில அக்கவுண்ட்ஸ் வேலைய விட்டுட்டு வந்து பிள்ளைய வளர்த்து, இப்ப சீனன்குடாப் பக்கம் ஒரு கம்பெனியில ஒக்டோபர் 1ல ரெண்டு லட்சம் சம்பளத்துக்குச் சேரப்போறா, திருகோணமலையில இருந்துகொண்டே இப்பிடி ஒரு வேலை கிடைக்கிறது லேசில்ல, முதல்ல அதுக்குச் சந்தோசப்படுங்க. ஆனா நீங்க கேட்டது, இத்தன வருஷம் ஒரு ஃபைலும் போடல்ல, இப்ப டின் நம்பர், அதான் வரி செலுத்துறவர்ட அடையாள இலக்கம், கேக்கிறாங்க, பழசெல்லாம் கிண்டுவாங்களோ எண்டு.

கிண்ட ஒண்டும் இல்ல. வருமானம் இல்லாத வருஷத்துக்கு வரியும் இல்ல. வேலைய விட்ட அந்தக் காலத்தில வருஷத்துக்கு 30 லட்சம் வரைக்கும் விலக்கு இருந்தது, அவட சம்பளம் அதுக்குக் கிட்டயும் வரல்லத்தானே. டின் எடுத்தா உடன வரி கட்டணும் எண்டு ஊரில ஒரு கதை ஓடுது, அது பிழை, அது வெறும் இலக்கம்தான். இறைவரித் திணைக்களத்திட வெப்சைட்டில வீட்டில இருந்தே எடுக்கலாம், விளங்காட்டி 1944க்கு அடிச்சுக் கேளுங்க. முந்தி எடுத்த இலக்கம் இருந்தா அதையே குடுக்கட்டும்.

எனக்குப் பிடிக்காதது நீங்க கடைசியா கேட்டதுதான், "சம்பளத்த ஒண்டரை லட்சம் எண்டு காட்டிட்டு மிச்சத்தக் கையில தரச் சொல்லவா" எண்டு. வேணாம் அம்மா. 2025 ஏப்ரல் 1ல இருந்து வருஷத்துக்கு 18 லட்சம், மாசத்துக்கு ஒண்டரை லட்சம் விலக்கு, அதுக்கு மேல வாற 50,000க்கு 6 வீதம், மாசம் 3,000 ரூபாதான் வெட்டுவாங்க. அந்த 50,000த்த மறைச்சா கம்பெனி போடவேண்டிய ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அதுக்கு விழாது, மாசம் 7,500 போகும். 3,000த்த மிச்சம் பிடிக்க 7,500ஐ விடுறதா? நாளைக்கு பேங்க்ல லோனுக்குப் போனாலும் அடுத்த வேலைக்குப் போனாலும் பேசிலிப்பில இருக்கிற சம்பளத்தத்தான் பார்ப்பாங்க.

இதில நல்ல விஷயம் ஒண்டு இருக்கு, கனபேர் கவனிக்கிறதில்ல. வரி வருஷம் ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31ல முடியும், மகள் ஒக்டோபர்ல சேர்ந்தா அந்த வருஷத்துக்கு ஆறு மாசச் சம்பளம், 12 லட்சம்தான், விலக்கோ முழு 18 லட்சம். வேற வருமானம் இல்லாட்டி அந்த வருஷம் அவவுக்கு வரியே இல்ல. ஆனா சம்பளம் போடுறவர் அந்தந்த மாசத்த மட்டும் பார்த்து மாசா மாசம் 3,000 வெட்டுவார், மார்ச்சுக்குள்ள 18,000 போயிரும். அது உங்கட பிள்ளைட காசு. மார்ச் முடிய கம்பெனியில வருஷச் சம்பளமும் வெட்டின வரியும் இருக்கிற டி-10 சேர்டிபிகேட்ட கேட்டு வாங்கி, நவம்பர் 30க்கு முந்தி ரிட்டர்ன், அதான் வருஷ வருமானக் கணக்கு, இறைவரித் திணைக்களத்துக்குப் போட்டு திருப்பிக் கேக்கலாம், கேக்காட்டி தானா வராது, கேட்டாலும் கெதியா வரும் எண்டு அத நம்பி நகைய அடகு வைச்சுராதீங்க. அடுத்த வருஷம் முழுச்சம்பளம் 24 லட்சம், அப்ப 36,000 கட்டத்தான் வேணும்.

பேங்க்ல எஃப்டி (நிலையான வைப்பு) இருக்கு எண்டீங்க, அந்த வட்டியும் வருமானத்தில சேரும். பேங்க் வட்டியில 10 வீதம் வெட்டும், வருஷ மொத்த வருமானம் 18 லட்சத்துக்குள்ள எண்டா பேங்க்ல டிக்ளரேஷன் போர்ம் குடுத்து நிப்பாட்டலாம், ஆனா அடுத்த வருஷம் அந்தப் போர்ம நிரப்பக்கூடாது. வீட்டில இருந்து கடைக்காரருக்கு கணக்கு எழுதிக் குடுக்கிற காசும் அப்பிடித்தான், ரிட்டர்ன்ல காட்டணும்.

இனி பேர் விஷயம், உண்மையான அலைச்சல் இதிலதான். பழைய ஈபிஎஃப் பி கார்ட்ல, அதான் அங்கத்தவர் அட்டையில, அப்பாட இனிஷியல், இப்ப ஐடென்டியில கணவர்ட பேர், அதிலயும் இங்கிலீஷ்ல ஒரு இடத்தில ஒரு எச் கூட, இன்னொரு இடத்தில இல்ல. கடைசியில ஈபிஎஃப் எடுக்கப்போற அண்டைக்குத்தான் இது வெடிக்கும், பிறகு ஜேபிட்ட (சமாதான நீதவான்) சத்தியக்கடதாசி, கிராம சேவகர் எண்டு ஓடணும். பி கார்டையும் ஐடென்டியையும் பேங்க் புத்தகத்தையும் மேசையில வைச்சு எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க, வித்தியாசம் இருந்தா கல்யாண சேர்டிபிகேட் கொப்பியோட சேர்ற அண்டைக்கே எச்ஆர்ல குடுத்து பழைய ஈபிஎஃப் விவரத்தையும் சொல்லட்டும். ஒஃபர் லெட்டர்ல சம்பளம் முழுசா ரெண்டு லட்சம் எண்டு எழுதியிருக்கா எண்டும் பார்த்துட்டு கையெழுத்து வைக்கட்டும்.