மூன்றா, ஆறா? முதலில் எண்ணுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: இலையுதிர்காலக் குரோக்கஸ்

கேள்வி: செப்டம்பரில் எங்கள் பின்தோட்டத்தில், இலையே இல்லாமல் ஊதாப் பூக்கள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்திருக்கின்றன. முன்பு குடியிருந்தவர்கள் நட்டவை. பக்கத்து வீட்டுக்காரர் 'ஆட்டம் குரோக்கஸ்' என்கிறார். குங்குமப்பூவும் குரோக்கஸ்தானே? இழையை எடுத்துப் பாலில் போடலாமா?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: போடாதீர்கள் அம்மா. எண்ணிப் பார்க்கும்வரை ஓர் இழையைக்கூடக் கிள்ள வேண்டாம். பிரிட்டனில் 'ஆட்டம் குரோக்கஸ்' என்று இரண்டு செடிகளைச் சொல்கிறார்கள். ஒன்று உண்மையான குரோக்கஸ். இன்னொன்று கோல்சிகம், கொடிய நஞ்சு.

பூவை மெல்ல விரித்து, தொட்டால் விரலில் தூள் ஒட்டுகிற மகரந்தத் தாள்களை எண்ணுங்கள். குரோக்கஸுக்கு மூன்று, கோல்சிகத்துக்கு ஆறு. பிறகு நடுவில் நிற்கும் சூல்தண்டைப் பாருங்கள். குரோக்கஸில் அது ஒரே தண்டாக ஏறி, மேலே போய்த்தான் கிளைவிடும். கோல்சிகத்தில் அடியிலிருந்தே மூன்று தனித்தனி இழைகளாக வரும். வசந்தத்தில் இலையைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். குரோக்கஸ் இலை புல் போல ஒல்லியாக, பெரும்பாலும் நடுவில் வெள்ளைக் கோட்டுடன் இருக்கும். கோல்சிகத்தின் இலை அகலமானது, ஒரு சாண் நீளத்துக்குக் கொத்தாக எழும். கிழங்கையும் ஒப்பிடலாம்: குரோக்கஸுடையது சின்ன வெங்காய அளவு, கோல்சிகத்துடையது அதைவிடப் பல மடங்கு பெரியது, கோணலானது.

கோல்சிகத்தின் உறவுக்காரியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது செங்காந்தள் குடும்பம். யாழ்ப்பாணத்தில் கார்த்திகைப்பூ, ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுவது. அந்த விதையில் உள்ள கோல்சிசின் என்ற நஞ்சுதான் இந்தப் பூவிலும், இலையிலும், கிழங்கிலும் இருக்கிறது. காய்ச்சினாலும் உலர்த்தினாலும் போகாது. சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்து வாந்தி பேதியில் தொடங்கும். யாராவது தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், செடியின் ஒரு துண்டோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஐரோப்பாவில் வசந்தகாலத்தில் இதன் இலையைக் காட்டுப் பூண்டு இலை என்று பறித்துச் சமைத்து இறந்தவர்கள் உண்டு.

மகரந்தத் தாள் மூன்றே இருந்தாலும் அது குங்குமப்பூ ஆகிவிடாது. குங்குமப்பூச் செடி பெரும்பாலும் இலையோடுதான் பூக்கும். பூக்கும் காலமும் செப்டம்பரைவிட அக்டோபர், நவம்பர்தான். அதன் சிவப்பு இழை மூன்றும் இதழுக்கு வெளியே தொங்கும் அளவுக்கு நீளமானவை. உங்கள் பூ இலையில்லாமல் வந்திருப்பதால், அது குரோக்கஸாகவே இருந்தாலும் பார்த்து மகிழ வேண்டிய இனம், பாலில் போட வேண்டியதல்ல.

கேள்வி: தோட்டத்தில் இலையின்றிப் பூக்கும் மூன்று வகைக் குரோக்கஸ் இருக்கின்றன. பெயர்ச்சீட்டுகள் தொலைந்துவிட்டன. எது எது என்று எப்படிப் பிரிப்பது?
– வாசகர், எடின்பரோ

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். ஒரே இனத்துக்குள்ளேயே வெளிர் ஊதாவும் வெள்ளையும் வரும். வெயில் ஏறிப் பூ விரிந்ததும் குனிந்து மூன்று இடங்களைப் பாருங்கள்: பூவின் தொண்டை (உட்புற அடி), மகரந்தத் தாளின் மேலுள்ள மகரந்தப்பை, சூல்தண்டின் உச்சியான சூல்முடி.

தொண்டையில் மஞ்சளே இல்லை, மகரந்தப்பை மஞ்சள், சூல்முடி நுனி பிரிந்த நூல் போலப் பல ஆரஞ்சு இழைகளாகச் சிதறியிருக்கிறது, இதழில் பேனா மையால் வரைந்தது போலக் கருநீல நரம்புகள்: இது ஸ்பெசியோசஸ். தொண்டை ஆழ்ந்த மஞ்சள், மகரந்தப்பை வெள்ளை என்றால் புல்கெல்லஸ். இந்த இரண்டும் தோட்டத்தில் கலந்து விதை வைக்கும். எனவே இரண்டின் அடையாளமும் கலந்திருந்தால், அதை ஒரு பெயருக்குள் திணிக்கப் பாடுபட வேண்டாம், கலப்பு என்றே எழுதிவையுங்கள்.

வெளிர் இளஞ்சிவப்பு கலந்த ஊதா, இதழடியில் இரண்டிரண்டு மஞ்சள் பொட்டுகள், மகரந்தப்பை வெளிர் நிறம், சூல்முடியும் வெளிறியது: கோட்சியானஸ். இதன் கிழங்கு தட்டையாக, எது மேல் எது கீழ் என்று தெரியாதபடி இருக்கும். சந்தேகமாக இருந்தால் பக்கவாட்டில் வைத்து நடுங்கள், முளை தானே வழி தேடிக்கொள்ளும். கடைகளில் வரும் கோட்சியானஸில், குட்டி போட்டுப் பெருகிக்கொண்டே பூக்காமல் இருக்கும் ரகமும் சுற்றுகிறது. இதழில் திட்டுத்திட்டாக நிறம் உடைந்தோ பூ சுருண்டோ வந்தால் அது வைரஸ். தோண்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

ஒரே சீரான கருஊதா, தொண்டையில் மஞ்சள் இல்லை, தோண்டினால் கிழங்கிலிருந்து மண்ணுக்குள் ஓடும் தண்டுகள் இருந்தால் நுடிஃப்ளோரஸ். உள்ளிதழ் மூன்றும் வெளியிதழைவிடப் பாதியளவே இருந்து, சூல்முடியும் ஊதாவாக இருந்தால் பனாட்டிகஸ். அதை வேறெதோடும் குழப்பவே முடியாது.

இன்னும் தீரவில்லையா? இலை காய்ந்த பிறகு ஒரு கிழங்கை எடுத்து உறையைப் பாருங்கள். குரோக்கஸின் கையெழுத்தே அதில்தான் இருக்கிறது. ஸ்பெசியோசஸின் உறை அடியில் வளையம் வளையமாகக் கழன்று வரும். லேவிகாட்டஸ் என்ற இனத்துக்கு முட்டை ஓடு போல வழுவழுப்பாக, கெட்டியாக இருக்கும். கான்செல்லாட்டஸ் என்ற இனத்துக்குச் சாக்குத்துணி போன்ற முரட்டு வலை, குங்குமப்பூவுக்கு மயிரிழை போன்ற மென்வலை.

நடவு ஆழம் 8 முதல் 10 செ.மீ. ஆகஸ்டில் கிழங்கு கைக்கு வந்த அன்றே நட்டுவிடுங்கள், தாமதித்தால் பைக்குள்ளேயே பூத்துவிடும். பெரும்பாலான இனங்களுக்குக் கோடையில் மண் காய்ந்திருக்க வேண்டும். நுடிஃப்ளோரஸ், பனாட்டிகஸ் இரண்டும் விதிவிலக்கு. ஈரப் புல்வெளியும் அரைநிழலும் அவற்றின் சொந்த ஊர், கோடையில் முழுக்கக் காயவிட்டால் இளைத்துவிடும்.

கேள்வி: குங்குமப்பூக் கிழங்கு இருபது நட்டேன். முதல் ஆண்டு பூத்தது, அடுத்த ஆண்டு வெறும் இலைதான். என்ன தவறு?
– வாசகர், பர்மிங்காம்

பதில்: முதல் ஆண்டுப் பூ உங்கள் மண்ணில் உருவானது அல்ல, விற்றவரின் வயலில் உருவானது. தாய்க்கிழங்கு ஆண்டுதோறும் சுருங்கிப் போய், அதன் மேல் புதுக் கிழங்குகள் பிறக்கும். அவை போதிய அளவு பெருக்க வேண்டும், பிறகு கோடையில் அவற்றுக்குள் பூமொட்டு உருவாக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் இலை மட்டுமே.

அளவுக்கு: குறுக்கே 2.5 செ.மீ.க்குக் குறைந்த கிழங்கிடம் பூ எதிர்பார்க்க வேண்டாம். புதுக் கிழங்கைப் பெருக்கவைப்பது இலை. எனவே மே மாதம் அது தானே மஞ்சளாகும்வரை வெட்டாதீர்கள், முடிந்து கட்டாதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தக்காளிக்குப் போடும் பொட்டாஷ் மிகுந்த திரவ உரத்தைப் பாதி வீரியத்தில் ஊற்றுங்கள். நடவு ஆழம் 12 முதல் 15 செ.மீ., இடைவெளி 10 செ.மீ. ஆழம் குறைத்து நட்டால் குட்டிகள் நிறைய வரும், எல்லாம் சிறுத்திருக்கும்.

மொட்டுக்கு: உறங்கும் கிழங்குக்கு 23 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் 50 நாளுக்குக் குறையாமல் வேண்டும். அதன்பின் சுமார் 17 டிகிரிக்கு இறங்கினால் பூ வெளிவரும். ஈரமான, நிழல் விழும் இங்கிலாந்து மண் கோடையிலும் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. ஜூனில் கிழங்கைத் தோண்டி, பழைய தாய்க்கிழங்கின் சக்கையை உதிர்த்து, ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பி, வீட்டுக்குள் 25 டிகிரி இருக்கும் உலர்ந்த இடத்தில் வையுங்கள். 30ஐத் தாண்டும் மாடி அறை வேண்டாம், உருவான மொட்டும் கருகும். ஆகஸ்ட் கடைசியில் நடுங்கள். சிறு கிழங்குகளைத் தனிப் பாத்தியில் ஓராண்டு வளருங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் குங்குமப்பூ வருமா? சென்னையில் ஏ.சி. அறையில் வளர்க்கலாம் என்கிறார்களே?
– வாசகர், கொடைக்கானல், வாசகி, சென்னை

பதில்: குங்குமப்பூ விளையும் காஷ்மீரத்துப் பாம்பூரில் கோடை வெப்பமும் குளிர்காலப் பனியும் மாறி மாறி வருகின்றன. கொடைக்கானலில் ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சி, மொட்டு உருவாகும் வெப்பம் கிடைக்காது. போதாததற்கு, பூக்கும் அக்டோபரில்தான் அங்கே அடைமழை. ஆகவே மழைமறைப்பின் கீழ், பாதிக்குப் பாதி சரளை கலந்த மேட்டுப்பாத்தி கட்டாயம். இல்லையென்றால் ஃபுசேரியம் பூஞ்சையால் கிழங்கு அழுகும். தோண்டிய கிழங்குகளைத் தெர்மோஸ்டாட் வைத்த பெட்டியில் 25 டிகிரியில் வைத்திருந்து நடுங்கள்.

சென்னை வாசகிக்கு: மண்ணும் தண்ணீரும் இல்லாமல் தட்டிலேயே பூக்கும், காரணம் கிழங்கின் சேமிப்பு. கடினமான பாதி அதற்குப் பிறகுதான். அடுத்த நான்கைந்து மாதம் இலைக்குக் குளிர்ச்சியும் வலுவான ஒளியும் கொடுத்தால்தான் மறு ஆண்டுக் கிழங்கு உருவாகும். அந்த மின்கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். ஒரு கிராம் உலர்ந்த இழைக்கு ஏறத்தாழ 150 பூக்கள் வேண்டும். லாபக் கணக்கு காட்டிக் கிழங்கு விற்பவரிடம், இரண்டாம் ஆண்டு எத்தனை பூத்தது என்று கேளுங்கள்.

கேள்வி: நட்ட மறுநாளே அணில் தோண்டிவிடுகிறது.
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: கிழங்கின் மேல் 5 செ.மீ. மண் போட்டதும், 12 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலையைப் படுக்கவைத்து மீதி மண்ணை மூடுங்கள். முளை அதற்குள் நுழைந்து வரும். உதிர்ந்த உறைத்தோலைப் பாத்தியின் மேல் விடாதீர்கள், அந்த வாசனைதான் அணிலைக் கூப்பிடுகிறது. எலி பக்கவாட்டில் குடைந்து வரும் இடமென்றால் அடியிலும் வலை வேண்டும்.

கேள்வி: என் குங்குமப்பூச் செடியில் மே மாதம் தரையோடு ஒரு காய் தெரிகிறது. விதையை நடலாமா?
– வாசகி, பாரிஸ்

பதில்: குங்குமப்பூச் செடி மும்மடங்கு மரபுத்தொகுதி கொண்டது, விதை பிடிக்காது. காய் வந்திருக்கிறதென்றால் அது வேறு செடி. அதிலிருந்து எடுத்த இழையைச் சமையலறையில் வைத்திருந்தால் எறிந்துவிடுங்கள். ஒல்லியான, வெள்ளைக் கோடுள்ள இலைகளுக்கு நடுவே அந்தக் காய் இருந்தால் குரோக்கஸ்தான். காய் வெடித்ததும் விதையைச் சரளை கலந்த மண்ணில் 1 செ.மீ. ஆழத்தில் போட்டு, தொட்டியை வெளியிலேயே வையுங்கள். குளிர்காலத்தில் முளைக்கும், பூக்க மூன்று நான்கு ஆண்டு பிடிக்கும். அகன்ற இலைகளுக்கு நடுவே இருந்தால் கோல்சிகம். கையுறை போட்டுப் பறித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள்.