வால்பாறையில் மரங்களுக்கு மேலே மெதுவாகப் பறக்கும் கருப்பு நிறக் கழுகு எது? அது எப்படி வேட்டையாடுகிறது?

வால்பாறை மலைப்பாதையில் மரங்களின் தலையை உரசுவது போல மிக மெதுவாகப் பறந்து சென்ற, உடல் முழுவதும் கருப்பான பெரிய பறவையைக் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு நிதானமாகப் பறந்தால் எந்த இரைதான் சிக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது கருங்கழுகாகவே இருக்க வேண்டும். ஓடி ஒளியத் தெரியாத இரையைத் தேடுகிற பறவை என்பதால் அதற்கு வேகம் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

பெயரைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கழுகு என்றால் பலருக்கும் திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள்தாம் நினைவுக்கு வரும். அவை பிணந்தின்னிப் பறவைகள்; பறவை ஆர்வலர்கள் இப்போது அவற்றைப் பாறு என்றே எழுதுகிறார்கள். கருங்கழுகு அந்த வகையைச் சேர்ந்ததன்று. உயிருள்ள இரையைப் பிடித்துண்ணும், கால்விரல் வரை இறகு மூடிய உண்மையான கழுகு அது.

வளர்ந்த பறவை 70 முதல் 80 செ.மீ. நீளம் இருக்கும், விரித்த சிறகுகளின் அகலமோ ஏறக்குறைய ஒன்றரை மீட்டருக்குக் குறையாது. அலகின் அடிப்பகுதியும் பாதங்களும் பளிச்சென்ற மஞ்சள். மற்றபடி எல்லாம் கருமை. இளம் பறவைக்குத் தலையும் அடிவயிறும் வெளிர் பழுப்பாகவும் கரிய கீற்றுகளோடும் இருப்பதால், அதை வேறு பறவை என்று நினைத்து ஏமாறுவோர் உண்டு. அந்தரத்தில் பறக்கும்போது இதை அடையாளம் காண, நிறத்தைக் காட்டிலும் சிறகின் வடிவத்தையே நான் நம்புவேன். உடலோடு சேரும் இடத்தில் ஒடுங்கி, நடுவில் அகன்று, நுனியில் விரல்களை விரித்தாற்போல இறகுகள் தனித்தனியே பிரிந்து நிற்கும். சிறகுகளைச் சற்றே மேல்நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கும்.

இத்தனை பெரிய சிறகுகளைக் கொண்ட இந்தப் பறவையின் எடை ஒன்று முதல் ஒன்றரை கிலோ அளவுதான். அதனால் வேறு கழுகுகள் தடுமாறி இறங்கிவிடும் வேகத்திலும் இது சிறகை அதிகம் அடிக்காமல் மிதந்துகொண்டே ஒவ்வொரு மரத்தின் உச்சியையும் துழாவிப் பார்க்கிறது. தேடுவது முக்கியமாகப் பறவைக் கூடுகளை. முட்டையையும் குஞ்சையும் எடுப்பதோடு, சில வேளை கூட்டையே பெயர்த்துக்கொண்டு போய்விடும். கால்நகங்களும் அதற்கேற்பவே அமைந்திருக்கின்றன: உள்விரல் நகமும் பின்விரல் நகமும் மிக நீளம், வெளிவிரல் குட்டை, நகங்களின் வளைவும் மற்றக் கழுகுகளைவிடக் குறைவு. குத்திக் கொல்வதைவிட அள்ளி எடுப்பதற்கே அப்படிப்பட்ட பாதம் வசதி. அதற்காக இதைக் கூட்டுத் திருடன் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஓணான், வௌவால், மலை அணில், சில சமயம் குரங்குக் குட்டி வரை பிடிக்கும் பறவை இது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டியிருந்த சோலைக்காட்டின் ஓரம் நின்றிருந்தேன். பலா மரத்தில் பழத்தைக் கொறித்துக்கொண்டிருந்த மலை அணில் சட்டென்று நிறுத்திவிட்டு, கிளையோடு கிளையாகத் தட்டையாக ஒட்டிக்கொண்டு கடகடவென்று கத்தத் தொடங்கியது. சற்று நேரத்தில் சரிவின் கீழிருந்து கருங்கழுகு எழும்பி வந்தது. இலைகளுக்கும் அதன் வயிற்றுக்கும் இடையே ஒரு முழம்கூட இருந்திருக்காது. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பியபடி அது கடந்து போக, கரிச்சான் இரண்டு விடாமல் துரத்திக் கொத்தின; அதை அது பொருட்படுத்தவே இல்லை. அன்று அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதே பகுதியில் குடுமிப் பாம்புக் கழுகும் உண்டு என்பதால் குழப்பம் வரலாம். அது விசில் போல உரக்கக் கூவிக்கொண்டு உயரத்தில் வட்டமிடும். சிறகின் அடியில் அகன்ற வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரியும். வேட்டைக்குக் கிளையில் அமர்ந்து காத்திருக்கும். நீங்கள் பார்த்த பறவையில் அப்படி வெள்ளைப் பட்டை ஏதும் இல்லை என்றால் ஐயமே வேண்டாம், அது கருங்கழுகுதான்.